கால் கட்டைவிரல் பக்கத்தில் எலும்பு துருத்துகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்தியவள் நான். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு வெளியே துருத்த ஆரம்பித்தபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. அம்மாவுக்கும் அதே காலில், அதே இடத்தில் இருந்தது. உறவுக்காரர்களும் பழைய சக ஆசிரியைகளும் இதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எலும்பு மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொன்னது, நானாகப் படித்தது, காசைத் தொலைத்துக் கற்றது என்று மூன்றும் இதில் கலந்திருக்கும்.

இதற்குத் தமிழில் என்ன பெயர்?

எல்லோரும் ஒப்புக்கொண்ட பெயர் எதுவும் இல்லை. ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘பனியன்’ என்று வரும். மருந்துக் கடையில் போய் “பனியனுக்கு ஏதாவது இருக்கா?” என்று கேட்டுவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மருத்துவர்கள் சீட்டில் ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்று எழுதுவார்கள். இங்கே நான் ‘புடைப்பு’ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

புதிதாக ஒரு எலும்பு வளர்கிறதா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஏற்கெனவே இருந்த எலும்புதான், இடம் மாறியிருக்கிறது. பாதத்துக்குள் கட்டைவிரலுக்கு நேராக ஒரு நீள எலும்பு இருக்கிறது. அது மெல்ல மெல்ல மற்றொரு கால் இருக்கும் பக்கமாக விலகுகிறது. அதன் நுனியில் இருக்கும் கட்டைவிரலோ எதிர்ப்பக்கமாக, இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. நடுவிலுள்ள மூட்டு மடங்கிய முழங்கை மாதிரி வெளியே தெரிகிறது. அதன்மேல் செருப்பு உரசிக்கொண்டே இருந்தால் தோல் தடிக்கும். தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் சிறு நீர்ப்பை வீங்கும். சிவந்துபோய் வலிப்பது பெரும்பாலும் அந்த வீக்கம்தான்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், கடையில் விற்கும் சாதனம் எதை மாற்றும், எதை மாற்றாது என்பது இதிலிருந்துதான் புரியும்.

பரம்பரையா, செருப்பா?

இரண்டும்தான். புடைப்பு அப்படியே பிறப்பில் வருவதில்லை. அதற்கு வழிவிடும் பாத அமைப்புதான் குடும்பத்தில் வருகிறது. தட்டைப் பாதம், தளர்வான மூட்டுகள், முடக்குவாதம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பெண்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. கர்ப்ப காலத்தில் தசைநார்கள் தளர்ந்து பாதம் விரிவதால், பிரசவத்துக்குப் பிறகு பழைய செருப்பு கடிக்க ஆரம்பித்தது என்று சொல்லும் பெண்கள் நிறையப் பேர்.

செருப்பின் பங்குக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1958-இல் ஹாங்காங்கில் ஷூ அணியும் சீனர்களையும் அணியாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அணிந்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு விரல் ஓரளவாவது சாய்ந்திருந்தது, அணியாதவர்களில் 1.9 சதவீதம்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோண்டி எடுத்த பழைய எலும்புக்கூடுகளிலும் இதே கதை. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையிலான எலும்புக்கூடுகளில் 6 சதவீதத்தில் புடைப்பு இருந்தது. 14, 15-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் 27 சதவீதம். இடையில் அந்த ஊருக்கு வந்தது கூர்மூக்கு ஷூ மோகம். வசதியானவர்களும் சில துறவிகளும்கூட அதில் மாட்டிக்கொண்டார்கள் என்று படித்தபோது சிரித்துவிட்டேன்.

யூரிக் ஆசிட் வலியும் அதே இடத்தில்தானே வரும்? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நல்ல கேள்வி, பலர் இதில்தான் குழம்புகிறார்கள். யூரிக் ஆசிட்டால் வரும் கவுட், ராத்திரி படுக்கும்போது ஒன்றுமில்லாமல் இருந்து விடியற்காலையில் போர்வை பட்டால்கூடத் தாங்காத வலியாக வரும். மூட்டு சிவந்து சுடும். புடைப்பு அப்படி ஒரே இரவில் வராது. வருடக்கணக்கில் விரல் சாய்ந்து, செருப்பு போடும் நேரத்தில் வலித்து, கழற்றினால் குறையும்.

கால் ஆணி வேறு சமாச்சாரம். அது தோலில் வருவது. ஆனால் புடைப்பால் விரல்கள் நெருக்கிக்கொள்ளும்போது ஆணியும் கூடவே வரலாம். விரல் சாயாமல், மேல்நோக்கி மடக்க மட்டும் முடியாமல் மூட்டு இறுகிப் போயிருந்தால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் நின்ற நிலையில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் போதும். ‘நின்ற நிலையில்’ என்பது முக்கியம். படுத்துக்கொண்டு எடுத்தால் சாய்வு குறைவாகத் தெரியும்.

சாதனம் மாட்டினால் விரல் நேராகிவிடுமா?

வளர்ந்தவர்களுக்கு ஆகாது. ‘30 நாளில் நேராகும்’ என்று முன்-பின் படம் போட்டு விற்பதை நம்பி ஒன்று வாங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன். மாட்டியிருக்கும்வரை விரல் நேராக நிற்கும், கழற்றினால் பழைய இடத்துக்குப் போகும். உள்ளே விலகியிருக்கும் நீள எலும்பை வெளியிலிருந்து ஒரு ஜெல் துண்டு பிடித்து இழுத்துவிட முடியாது.

அப்படியானால் எதற்கு அவை? உரசலைக் குறைக்க, விரல்களுக்கு நடுவே இடம்விட, எடை விழும் இடத்தை மாற்ற. வலி குறைந்து நிம்மதியாக நடக்க முடிந்தால் அதுவே பெரிய விஷயம். நேராக்கும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம். வலி குறையும் என்று வாங்கினால் பெரும்பாலும் காசுக்கு மோசமில்லை.

முதலில் எதை வாங்க வேண்டும்?

செருப்பை. மற்றதெல்லாம் அப்புறம். இறுக்கமான ஷூவுக்குள் ஜெல் பேட் வைப்பது, நெரிசலான டவுன் பஸ்ஸில் இன்னும் இரண்டு பேரை ஏற்றுவது மாதிரி. பேடும் இடம் பிடிக்கும். வலி கூடத்தான் செய்யும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளில் முழு எடையும் விழ நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். அதன்மேல் உங்கள் செருப்பை வையுங்கள். கோடு செருப்புக்கு வெளியே எட்டிப் பார்த்தால், எந்தச் சாதனமும் வாங்குவதற்கு முன் மாற்ற வேண்டியது அந்தச் செருப்பைத்தான். என் கைவசம் இருந்த ஐந்து ஜோடியில் நான்கு தோற்றன.

கடையில் பார்க்க வேண்டியவை: விரல் பகுதி அகலமாகவும் உயரமாகவும் இருக்கணும். புடைப்பின்மேல் தையலோ பக்கிளோ வரக்கூடாது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். குதிகால் உயரம் மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் எடை முழுவதும் முன்பாதத்தில் விழும். அடிப்பாகம் துணி மாதிரி மடியக்கூடாது. பின்பட்டி இருந்தால், செருப்பு கழன்றுவிடாமல் பிடிக்க விரல்கள் பாடுபட வேண்டியதில்லை.

இந்தக் கடிக்கும் பிரச்சினை நம் கால்களின் குற்றம் மட்டுமில்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. நாம் வாங்கும் அளவுகளோ அவர்கள் பாதத்துக்குப் போட்டவை. அகலம் போதாமல் ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறோம். நீளம் கூடி, கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கி, விரல்கள் போய் முட்டுகின்றன. இந்தியாவுக்கென்று தனி அளவுமுறை வேண்டும் என்று ‘பா’ என்ற பெயரில் ஒன்றை அந்த ஆய்வை வைத்துத்தான் முன்வைத்தார்கள்.

ஏற்கெனவே நல்ல தோல் ஷூ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் புடைப்பு படும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கொடுத்தால், கட்டை செருகி அந்த இடத்தை மட்டும் விரித்துக் கொடுப்பார். ரெக்ஸின் ஷூவில் இது சரிவராது.

ஹவாய் செருப்பு போட்டால் விரல்களுக்கு நடுவே வார் இருக்கிறதே, அதுவே இடைவெளி விடாதா?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த வார் விரலைத் தள்ளி வைக்கும் அளவுக்குத் தடிமனும் இல்லை, பலமும் இல்லை. பின்பட்டி இல்லாததால் ஒவ்வொரு அடிக்கும் விரல்களை மடக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. புடைப்புமேல் எதுவும் படாது என்ற அளவில் வீட்டைச் சுற்றி நடக்கப் பரவாயில்லை, தூர நடைக்கு வேண்டாம். கட்டைவிரலை நுழைக்கும் வளையம் வைத்த செருப்பு சிலருக்குச் சுகமாக இருக்கும். வளையம் இறுக்கமாக இருந்தால் சரியாக மூட்டுமேலேயே போய் உரசும். போட்டு நடந்து பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

கடையில் கிடைக்கும் சாதனங்களில் எது எதற்கு?

விரல் இடைவெளி ஜெல்: கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வைப்பது. இரண்டு விரலும் உரசிப் புண்ணாகிறவர்களுக்கு நல்லது. தடிமனானதாக வாங்கினால் சீக்கிரம் பலன் என்று நினைக்காதீர்கள். அது மற்ற விரல்களை வெளிப்பக்கம் தள்ளிவிடும். மெல்லியதில் ஆரம்பித்து முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம் போதும். தினமும் சோப்பு போட்டுக் கழுவிக் காயவைக்காவிட்டால், நம் ஊர் வியர்வைக்குச் சேற்றுப்புண் நிச்சயம்.

புடைப்பு உறை: மூட்டுமேல் தொப்பி மாதிரி மாட்டும் ஜெல். உரசல்தான் பிரச்சினை என்றால் மிகச் சீக்கிரம் பலன் தருவது இதுதான். மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள ஒட்டும் பேடும் கிடைக்கிறது. ஓட்டைக்குள் புடைப்பு உட்கார்ந்துகொள்ளும், அழுத்தம் சுற்றிலும் பரவும். நேராகப் புடைப்பின்மேலேயே தடிமனாக ஒட்டுவதைவிட இது நல்லது.

துணி உறையில் ஜெல் வைத்துத் தைத்தது: நழுவாமல் நிற்கும், ஷூவுக்குள் போட வசதி. வெயில் காலத்தில் கொஞ்சம் புழுங்கும்.

இரவு ஸ்பிளின்ட்: பிளாஸ்டிக் தகடும் ஒட்டும் பட்டையும் வைத்து விரலை இழுத்துப் பிடிப்பது. முழு நாளும் நெருக்கிக் கிடந்த விரலுக்கு ராத்திரி ஒரு நீட்டல் சுகம் கிடைக்கும், அவ்வளவுதான். நான் நான்கு மாதம் விடாமல் போட்டேன். காலையில் இறுக்கம் குறைந்தது, கோணம் குறையவில்லை. இதை மாட்டிக்கொண்டு நடக்கக்கூடாது. மரத்துப்போனாலோ விரல் நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிட வேண்டும்.

இன்சோல்: ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் மெத்தை. தட்டைப் பாதம் உள்ளவர்களும், கட்டைவிரலைவிட முன்பாதத்தின் அடிப்பகுதியில் அதிகம் வலிக்கிறவர்களும் முயற்சி செய்யலாம். முன்பாத பேடை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறோம். வலிக்கும் மேட்டுக்கு நேர் அடியில் வைக்கக்கூடாது, அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக வைக்கணும். அப்போதுதான் எடை மேட்டிலிருந்து விலகும். அளவெடுத்துச் செய்வது விலை அதிகம்; முதலில் கடையில் கிடைப்பதைப் போட்டுப் பாருங்கள். ஷூவில் ஏற்கெனவே இருக்கும் இன்சோலை எடுத்துவிட்டு வையுங்கள், இல்லையென்றால் மறுபடியும் இடநெருக்கடி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஒன்றைப் போட்டு இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மெட்டியைக் கழற்ற வேண்டுமா?

மெட்டியால் புடைப்பு வருவதில்லை. ஆனால் கட்டைவிரல் சாய்ந்து வந்து மெட்டிமேல் படுத்துக்கொண்டால் இரண்டாம் விரல் காயப்படும். மெல்லிய, மேடு பள்ளம் இல்லாத மெட்டியாக மாற்றிக்கொள்ளலாம். விரல் வீங்கியிருந்தால் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள். என் மாமியாரே சம்மதித்தார்.

சர்க்கரை நோய் இருக்கிறது. இதையெல்லாம் போடலாமா?

உங்களுக்கு மேலே சொன்னவை அப்படியே பொருந்தாது. நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு குறையும். உரசுவது தெரியாது, கொப்புளம் வருவது தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும். புடைப்பு என்பது உரசலுக்கென்றே முன்னால் வந்து நிற்கும் இடம். ஆகவே மருத்துவரிடம் காட்டாமல் ஸ்பிளின்ட், ஒட்டும் பேட், விரலை இறுக்கும் எதுவும் வேண்டாம்.

முக்கியமாக, கால் ஆணிக்கு ஒட்டும் கார்ன் கேப்பைப் புடைப்பின்மேல் ஒட்டாதீர்கள். அதிலிருப்பது சாலிசிலிக் அமிலம். நல்ல தோலையும் அரித்துவிடும். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சுட்டாலும் தெரியாது. பிளேடால் சீவுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பர் அது. தொழுநோயால் காலில் உணர்வு இழந்தவர்களுக்காக வேலூர், கரிகிரி பக்கம் பல காலமாகச் செய்துவந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறார்கள். பின்பட்டியும், வீக்கத்துக்கு ஏற்றபடி தளர்த்தும் ஒட்டுப் பட்டையும் உள்ளதாகப் பாருங்கள். எம்.சி.ஆர். என்ற பெயர் இருந்தாலும் அகலம் போதவில்லை என்றால் பயனில்லை. தினமும் படுக்கப் போகும்முன் பாதத்தைச் சுற்றிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கீழே ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோயில் பிரகாரத்தில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். காலையில் போனாலும் சாமி அங்கேதான் இருக்கும்.

துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் வேலை. என்ன செய்வது?

தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார உங்களுக்கு உரிமை உண்டு. உட்காரும்போது செருப்பைக் கழற்றி விரல்களை விரித்து மடக்குங்கள். கடைக்குள் வெறுங்காலோடு நிற்கச் சொல்லும் வழக்கம் இருந்தால், மெத்தென்ற அடியுள்ள உள்செருப்புக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள். கிரானைட் தரையில் நாள் முழுக்க வெறுங்கால் என்பது புடைப்புக்கு உரசல் தராது, ஆனால் முன்பாதத்துக்குப் பெரிய தண்டனை. சமையலறையில் நிற்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பயிற்சிகள் உதவுமா?

விரலைத் திரும்ப நேராக்காது. பாதத்தின் சிறு தசைகள் பலமாகி வலி குறைய உதவும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவற்றில் மூன்றை இன்னும் செய்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களைத் தரையில் வைத்தபடியே கட்டைவிரலை மட்டும் மற்ற விரல்களிடமிருந்து விலக்குவது. முதல் வாரம் அது அசையவே அசையாது, விட்டுவிடாதீர்கள். இரண்டாவது, தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுப்பது. மூன்றாவது, கையால் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக நேராக்கி மேலும் கீழும் அசைப்பது. டி.வி. பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் போதும். வலித்தால் நிறுத்துங்கள்.

எண்ணெய் தேய்த்தால் கரையுமா என்றும் கேட்கிறார்கள். எலும்பு கரையாது. தேய்ப்பது சுகமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று வீங்கி வலித்தால்?

அன்றைக்குச் செருப்பை மாற்றுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள் (உணர்வு குறைந்த காலுக்கு இது வேண்டாம்). காலை உயர்த்தி வையுங்கள். பாராசிட்டமால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருப்பவர்கள் வேறு வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம். தோல் கிழிந்து சீழ், காய்ச்சல், அல்லது மேல்நோக்கிப் பரவும் சிவப்பு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பதின்மூன்று வயது மகளுக்கு இப்போதே விரல் சாய்கிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஒருமுறை எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எலும்பு வளர்ந்து முடியும்வரை அறுவை சிகிச்சையைப் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். நீங்கள் செய்யக்கூடியது பள்ளி ஷூவைப் பார்ப்பது. ஜூன் மாதம் வாங்கியதை வருடக் கடைசிவரை இழுக்கிறோம். அதற்குள் பிள்ளையின் கால் வளர்ந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாள் சோதனையைச் செய்யுங்கள்.

அறுவை சிகிச்சை எப்போது?

நல்ல செருப்பு, பேட், இன்சோல் எல்லாம் சில மாதங்கள் முயன்றும் அன்றாட நடைக்கு வலி தடையாக இருந்தால். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பெரும்பாலான மருத்துவர்கள் செய்யமாட்டார்கள். எக்ஸ்ரேயில் விரலின் சாய்வு 15 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு, 40-ஐத் தாண்டினால் கடுமை. ஆனால் எண்ணைவிட வலிதான் முடிவைச் சொல்லும். 35 டிகிரியோடு வலியே இல்லாமல் நடக்கிறவர்களும் உண்டு.

துருத்தலைச் சீவிவிட்டால் போதாது. எலும்பை வெட்டி நகர்த்தி, திருகாணி வைத்துப் பொருத்துவார்கள். ஆறு வாரம் போலத் தனி ஷூ; வீக்கம் முழுவதும் வடியப் பல மாதம் ஆகும். வீட்டு வேலைக்கு ஆள் இருக்கிறதா, மாடி ஏற வேண்டுமா என்று முன்கூட்டியே யோசிக்கணும். சிலருக்குத் திரும்பவும் வரும், அதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். நான் இன்னும் செய்துகொள்ளவில்லை.

கல்யாணம், காட்சிக்கு என்ன போடுவது? அகலச் செருப்பு பட்டுப்புடவைக்கு எடுப்பாக இல்லையே.

பழைய மெல்லிய செருப்பில் ஒரு ஜோடியை வைத்துக்கொள்ளுங்கள். காரிலிருந்து இறங்கி மண்டப வாசல்வரை அது. புகைப்படத்துக்கு வேண்டுமானால் இன்னும் பத்து நிமிடம். மணமேடையில் எப்படியும் கழற்றத்தான் போகிறோம். புடவைக் கொசுவத்துக்குக் கீழே யார் எட்டிப் பார்க்கிறார்கள்? தாம்பூலப் பை வாங்கித் திரும்பும்போது மாட்டிக்கொள்ள, கைப்பைக்குள் அந்த அகலச் செருப்பு இருக்கட்டும்.